ஐந்தருவியில் தோற்ற ஆட்டம்

ஈரத் தோல் அடுப்புச் சூட்டில் காயும்போது ஒரு வாசம் வரும். பாதி செருப்புக் கடை, பாதி புழுங்கிய நெல். ஆனி பிறந்து, மேற்கே மலை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, குடை பிடித்தாலும் நனைத்துவிடுகிற பொடித் தூறல் தென்காசித் தெருக்களில் இறங்கும்போது ஊரே "சாரல்" வந்துவிட்டது என்று கொண்டாடும்; எனக்கு மட்டும் அது மூக்கின் வழியாகத்தான் வரும், ஏனென்றால் நான் சிறுமியாக இருந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுப்போரம் எப்போதும் ஒரு கால்பந்து காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து வைப்பவர் என் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி, தென்காசிக் கல்லூரி அணியில் கோல் காக்கிற "கோலி". சோறு பொங்குகிற இடத்தில் தோலைக் காயப் போடுகிறானே என்று அம்மா முனங்குவாள். காயாத பக்கம் எது என்று பார்த்துப் பந்தைத் திருப்பி வைப்பவளும் அவள்தான்.

சுற்றுவட்டாரக் கல்லூரிகள் சேர்ந்து சாரல் காலத்தில் ஒரு லீக் ஆடின. சித்தப்பா கடைசி வருஷம் படித்தபோது நடந்த லீக்கைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. பாவாடை கட்டிய வயதில் மைதானத்துச் சுவர்மேல் உட்கார்ந்து ஏற்படுத்திக்கொண்டவை, இன்றுவரை ஒன்றையும் மாற்றிக்கொள்ளவில்லை. செங்கோட்டை அணி பார்க்க அழகு. மலையாளக் காற்று பட்ட கால்கள், ஒருவருக்கொருவர் பந்தைத் தந்து தந்து கோல் வரை வந்துவிடுவார்கள், வந்தபின் உள்ளே அடிப்பதை என்னவோ மரியாதைக் குறைவு என்று நினைத்தவர்கள்போல மறுபடியும் தந்துகொண்டிருப்பார்கள். வீரகேரளம்புதூர் அணிக்குக் கால் பலம் உண்டு, திசைதான் கிடையாது. அவர்கள் ஆடுகிற அன்று பக்கத்து வயலில் நாற்று நட்டவர்கள் தலையைக் குனிந்தபடியே இருப்பது நல்லது. உண்மையில் ஆடத் தெரிந்தவர்கள் சிவகிரிக்காரர்கள். இதைச் சொன்னதற்காக அப்போது எங்கள் தெருவில் என்னோடு சிலர் பேசவில்லை. எங்கள் அணியில் கோல் போட ஆள் இல்லை, கோல் வாங்காமல் இருக்கச் சித்தப்பா இருந்தார். சேற்றில் விழுந்து விழுந்து அவர் காப்பாற்றிய ஆட்டங்களால்தான் கடைசி ஆட்டம் வரைக்கும் நாங்கள் முதலிடத்தில் நின்றோம். அந்தக் கடைசி ஆட்டம் சிவகிரியோடு, எங்கள் மைதானத்தில். சமன் செய்தாலே கப் எங்களுக்கு.

அந்தக் கப்பில் சித்தப்பாவின் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயிக்கிற அணி பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும். அங்கே போலீஸ் அணிக்கு ஆள் எடுக்க வருவார்கள். அப்பா ஏற்கெனவே போலீஸில் இருந்தார். அச்சன்புதூரில் இருந்த குடும்ப வயலைத் தாத்தாவுக்குப் பிறகு பார்க்க ஒருவர் வேண்டும் என்பது வீட்டில் வெகுநாள் பேச்சு. அப்பா கடைசியில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கப்பு வந்தா போலீசு. வரலேன்னா வயலு. சேத்துல விழுதவனுக்கு எங்கன விழுந்தா என்னலே?" சித்தப்பா சிரித்தார். ஆனால் அன்று முதல் சாப்பாட்டின் நடுவில்கூட அவர் கைகள் இல்லாத பந்தைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

இனி அணித்தலைவன் சுடலை அண்ணனின் மூளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் எங்கள் ஊருக்கு வந்தவரை அருவியில் குளிக்க வைக்காமல் திருப்பி அனுப்புவது ஊருக்கே அசிங்கம். எதிரணியாக வந்தாலும் அதுதான் வழக்கம். வழக்கத்தோடு தந்திரத்தையும் சேர்த்தால் என்ன என்று சுடலை அண்ணனுக்குத் தோன்றியது. சிவகிரிக்காரர்களைக் காலையிலேயே ஐந்தருவிக்குக் கூட்டிப்போய், தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துவிட்டு, போதும் போதும் என்கிறவரை அருவியில் நிறுத்தி, பிறகு பரோட்டாவும் கோழியும் வயிறு முட்ட வாங்கிக் கொடுத்தால், சாயங்காலம் எவன் ஓடுவான்? "எண்ணெய் தேச்சுக் குளிச்ச அன்னிக்குப் பகல்ல கண்ணசரக் கூடாது" என்று அம்மா சொல்லுவாள். கூடாது என்று சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணமே, கண்ணை இழுத்துக்கொண்டு போகிற அந்தத் தூக்கம்தான்.

அருவியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. சித்தப்பா வாயால் பலமுறை கேட்டது. எண்ணெய் தேய்த்து முடித்த சிவகிரிக்காரர்கள் தண்ணீருக்குள் இறங்காமல் நின்றார்களாம். கூட்டிவந்தவர்கள் காய்ந்த தலையோடு கரையில் நிற்க, விருந்தாளி மட்டும் குளிப்பதா என்று அவர்களுக்குக் கூச்சம். நீங்களும் வந்தால்தான் ஆயிற்று என்று ஒரே பிடியாகப் பிடித்தார்கள். அதற்குமேல் மறுப்பது நம் ஊர்ப் பழக்கத்தில் இல்லை. முதலில் சுடலை அண்ணன் நனைந்தார், பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிப் போனார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவரையும் விட்டுவைக்கவில்லை. சித்தப்பாவிடம் மட்டும், நீ கோலி, நீ குளித்துத் தொலைக்காதே என்று சொல்லியிருந்தார்கள். அவரும் எல்லோருடைய துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நின்றார். அப்போது சிவகிரியின் கோலி பாண்டி தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்து, அவர் கையைப் பிடித்து, "வா மாப்ளே" என்றான்.

அன்று சாயங்காலத்து ஆட்டம்போல ஓர் ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. சாரல் விழுந்துகொண்டிருந்தது, வெயிலும் லேசாக அடித்துக்கொண்டிருந்தது, மலையிலிருந்து இறங்கிய மேகம் மைதானத்தின் ஓரத்தில் வந்து படுத்திருந்தது. எல்லார் தலையிலும் எண்ணெய் மினுங்க, தண்ணீர் குடித்துக் கனத்த பந்தின் பின்னால் இரண்டு அணியும் ஓடினார்களா நடந்தார்களா என்று சொல்ல முடியாத ஒரு வேகத்தில் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் பந்தைத் தட்டுவான். வாங்க வேண்டியவன் அது வந்து சேர்ந்து கொஞ்ச நேரம் ஆனபிறகுதான் அதைக் கவனிப்பான். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போட வந்த கூட்டமும் எப்போதோ அடங்கி, தூறல் குடைகளில் விழுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் கோல் போடாமல் இப்படியே முடிந்தால் போதும், சித்தப்பாவுக்குப் போலீஸ் வேலை. நான் சுவரைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். பக்கத்தில் அப்பா நின்றார், லீவு போட்டு வந்திருந்தார்.

முடியப்போகிற நேரத்தில் சிவகிரிக்காரன் ஒருவன் நடு மைதானத்திலிருந்து பந்தைச் சும்மா தள்ளிவிட்டான். அடிக்கவில்லை, தள்ளினான். அது ஒரு குட்டையில் நின்று, யோசித்து, மறுபடி உருண்டு, எங்கள் ஆட்கள் எல்லோரையும் கடந்து வந்தது. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அது இன்னும் வெகுதூரத்தில் இருப்பதாகத் தோன்றியது என்று பிறகு சொன்னார். முகத்தில் ஒரு புன்னகைகூட இருந்தது. பந்து அவர் காலை உரசிக்கொண்டு உள்ளே போய், கோட்டைத் தாண்டி, தானாக நின்றது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒன்னய குளிக்காம நிக்கத்தான சொன்னாவ?"

"விருந்துக்கு வந்தவன் கையப் பிடிச்சுக் கூப்பிடுதான். மாட்டேன்னு எப்படிண்ணே சொல்ல?"

அப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை. சித்தப்பா அச்சன்புதூருக்குப் போனார். அடுப்போரம் பந்து இல்லாமல் கிடந்ததைப் பார்த்து அம்மா ஒருநாள் அழுதாள். பாண்டி பல்கலைக்கழகப் போட்டிக்குப் போனான், அங்கிருந்து போலீஸுக்கும் போனான். அவன் வேண்டுமென்றேதான் கையைப் பிடித்து இழுத்தான் என்று எங்கள் தெரு சொன்னது. நான் அதைத் தெருவைவிடக் கெட்டியாக நம்பினேன். பாண்டி என்ற பெயர் கொண்ட எவரையும் வெகுகாலம் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. இதையும் ஓர் அபிப்பிராயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷச் சாரலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா என்னை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். தலை நரைத்துவிட்டது, வயல் வெயிலில் தோள் கறுத்துவிட்டது, எண்ணெய் தேய்த்துக்கொள்கிற ஆசை மட்டும் குறையவில்லை. இப்போது அருவியில் இஷ்டத்துக்கு நிற்க முடியாது. கம்பி கட்டி, வரிசை வைத்து, ஒரு கூட்டம் நனைந்ததும் விசில் ஊதி வெளியேற்றுகிறார்கள். நாங்கள் போன அன்று விசிலோடு நின்ற போலீஸ்காரரைக் காட்டி, "பாண்டி" என்றார் சித்தப்பா, பக்கத்து வயல்காரரைச் சொல்வதுபோல. வருஷா வருஷம் இங்கே பார்த்துக்கொள்கிறார்களாம். எனக்குத்தான் தெரியவில்லை.

சித்தப்பா ஆண்கள் பக்கம் தண்ணீருக்குள் போனபிறகு நான் பாண்டியிடமே கேட்டுவிட்டேன். அன்றைக்குத் தெரிந்துதான் இழுத்தீர்களா அண்ணாச்சி என்று. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"தூங்க வைக்கத்தான் எங்களக் கூட்டிட்டு வந்திருக்காவன்னு எண்ணெய் தேய்க்கும்போதே தெரிஞ்சிட்டும்மா. ஆனா இவனக் கூப்பிட்டது அதுக்கில்ல. எல்லாரும் குளிக்கோம், இவன் மட்டும் ஊராளுவ துண்டத் தூக்கிக்கிட்டு அங்கன ஒத்தையில நிக்கான். பாக்கச் சகிக்கல." விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "இப்ப நான்தான் நிக்கேன்" என்றார்.

பிறகு விசில் ஊதினார், கூட்டம் வெளியேறியது, அடுத்த கூட்டம் உள்ளே போனது, அதுவும் வெளியேறியது. ஒவ்வொரு முறை ஊதும்போதும் அவர் சித்தப்பா நின்ற மூலைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டதை நான் பார்த்தேன். அன்று அந்த அருவியில் என் சித்தப்பாவைவிட அதிக நேரம் குளித்தவர் யாரும் இல்லை.

அந்த லீக் எப்போதோ நின்றுபோயிற்று. நான் உட்கார்ந்திருந்த சுவரும் இல்லை. மத்தியானம் தென்காசிக்குத் திரும்பும் பேருந்தில் சித்தப்பா எண்ணெய் மணக்க என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். குளித்த அன்று பகலில் கண்ணசரக் கூடாது என்று அம்மா சொல்லுவாள். நான் எழுப்பவில்லை. சாயங்காலம் அவருக்கு ஆட்டம் ஒன்றும் இல்லை.