அண்ணி வெட்டிய வெல்வெட்

அப்பா இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர். துணி மூட்டையோடு வீடு வீடாக ஏறி இறங்கி, பத்து வருஷம் கழித்துக் கடைவீதி முனையில் ஜவுளிக்கடை வைத்தார். நான் எட்டாவதோடு நின்று கடைக்குள் வந்தேன். தொட்டே துணியின் தரம் சொல்வேன். வருகிறவர்களிடம் பேசத்தான் வராது. என்றாலும், அண்ணன் வேறு வேலைக்குப் போய்விட்டதால், அப்பாவுக்குப் பிறகு கடையை நடத்தும் முன்மேசை எனக்குத்தான் என்றிருந்தேன்.

அண்ணி வந்த ஆறே மாதத்தில் இந்த ஊர்ப் பாஷையைக் கரைத்துக் குடித்துவிட்டாள். லைனிங் துணிக்கு வந்தவர்கள் நாலு மீட்டர் பட்டோடு சிரித்துக்கொண்டே போவார்கள். எனக்கு வயிறு எரியும். அவள் கொண்டைகூட நாள் முழுக்கக் கலையாது.

அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. "இந்த நாடக அரங்கு ஆர்டரை முடிங்க. முன்மேசை யாருக்குன்னு அப்புறம் சொல்றேன்" என்றார்.

மேடைத் திரைக்குப் பதினாறு துண்டு வெல்வெட். அண்ணி, பருத்திக்கு எங்கள் கடையில் செய்கிறபடி, துணியை முன்னும் பின்னுமாக மடித்து அடுக்கி மடிப்பில் வெட்டினாள். அடுக்கின் ஒரே பக்கமாக 'மேல்' என்று சாக்பீஸ் குறியும் போட்டாள். வெல்வெட்டின் ரோமம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும்; அதில் அப்படிச் செய்தால் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகிவிடும்; தொங்கவிட்டால் ஒன்று கறுத்தும் ஒன்று வெளுத்தும் தெரியும். பக்கத்தில் நின்ற நான் துணியைத் தடவிப் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டேன்.

தைத்து முடித்து மாட்டிய பிறகு அரங்கு மேனேஜர் வந்தார். "திரை கேட்டேன், வரிக்குதிரை குடுத்திருக்கீங்க." தையலைப் பிரித்தால் வெல்வெட்டில் ஊசித்தடம் போகாது. எல்லாம் வீண்.

"யாரும்மா வெட்டுனது?" என்றார் அப்பா.

"நான்தான் மாமா."

"பக்கத்துல இவ இல்லையா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

அண்ணி என்னைப் பார்த்தாள். "இல்ல மாமா. தனியாத்தான் வெட்டுனேன்."

முன்மேசை எனக்கு வந்தது. அன்று மாலை, துணி மடித்துக்கொண்டே அண்ணி கேட்டாள். "தடவிப் பார்த்தியே, அப்பவே தெரியும்தானே?"

"தெரியும்."

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? சரி, அந்த முனையப் பிடி, தரையில படுது."

பிடித்தேன். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக அவளை வெறுத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.