மரம் தொங்கிய காலை

வேலைக்குச் சேர்ந்தபோது ஜான்கிக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கரும்பு வயல்தான். இரண்டாயிரத்தில், தீவு நாட்டின் தலைநகரான சுவாவில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு, லம்பாசா ஊருக்கு மேலே மலையடிவாரத்தில் இருந்த அவள் வீட்டுக்குள் ஆட்கள் புகுந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். மறு வருஷம் நிலத்தின் குத்தகை முடிந்தது. யாரும் புதுப்பித்துத் தரவில்லை. கணவர் ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தார். கீழே நசியா டவுனில் ஓர் அறை பிடித்துக்கொண்டு, அதே மலையில் பைன் மரம் வெட்டும் ஆட்களுக்குச் சமைத்துப் போட வந்தாள்.

மரம் வெட்டும் சரிவுக்குக் கீழேதான் ஊர்ப் பாதை. வண்டிகள் போகும், பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் விறகு பொறுக்க உள்ளேயே வந்துவிடுவார்கள். யாரும் பெரிதாகத் தடுத்ததில்லை. ஒரு நாள் மேலே அடுக்கியிருந்த கட்டை ஒன்று உருண்டு வந்து, மேரே என்ற பெண்ணின் காலை முறித்தது. அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிவரை லாரியில் போனவள் ஜான்கி. மேரே கத்தவில்லை. ஜான்கியின் கையை மட்டும் நசுங்கும்படி பிடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு காண்ட்ராக்டர் யோகேந்திரா பாதையின் இரண்டு முனையிலும் குறுக்குக் கட்டை போட்டார். ஆண்கள் நின்று மறித்தால் கைகலப்பு வந்தது. ஜான்கி நின்றால் திட்டுவதோடு போனது. எனவே சிவப்புக் கொடி அவள் கைக்கு வந்தது. மேலிருந்து நீண்ட விசில் வரும்வரை ஒருவரையும் விடக்கூடாது.

அவளுடைய அண்ணன் சிவன் பாதைக்கு அப்பால், மேட்டில் குடியிருந்தார். நிலம் போன மற்றவர்களைப் போல அவரும் கனடாவுக்குக் கிளம்பினார். தன்னை விட்டுவிட்டுப் போகிறாரே என்ற கோபத்தில் ஜான்கி வழியனுப்பும் பூஜைக்குக்கூடப் போகவில்லை. அவர் புறப்படும் நாளில் லீவும் கேட்கவில்லை.

அன்று காலை வெட்டிய மரம் ஒன்று தரைக்கு வராமல் பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்து தொங்கிவிட்டது. எப்போது, எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில்தான் அண்ணனின் வேன் வந்து நின்றது. ஓட்டியவன் அவர் மகன் ரித்தேஷ். ஹாரனை விடாமல் அடித்தான். விமானம் போய்விடும் என்று இந்தியில் கத்தினான். ஜான்கி கொடியை இறக்கவில்லை.

சிவன் இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பூஜைக்கும் வரலே. இப்ப ரோட்டையும் மறிக்கறியா? என் மேலே அவ்ளோ கோவமா?"

"கோவம் இருக்குது. அதுக்காக மறிக்கலே. மேலே பாருண்ணே, மரம் தொங்குது."

அவர் பார்த்தார். "ரோடுவரைக்கும் வருமா அது?"

"எனக்கென்ன தெரியும்? வந்தா உன் வேன்லே மூணு பேரு இருக்கீங்க."

அவர் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் அவள் பக்கத்திலேயே நின்றார். அண்ணி வேனிலிருந்து இறங்கி, வழிக்குக் கட்டி வைத்திருந்த ரொட்டியையும் பலாக்காய்க் கறியையும் பிரித்தாள். மூவரும் குறுக்குக் கட்டையில் சாய்ந்தபடி சாப்பிட்டார்கள்.

"நானும் வரேன்னு ஒரு வார்த்தை நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார் சிவன்.

"வான்னு ஒரு வார்த்தை நீ கேக்கலியே."

அவர் கையிலிருந்த ரொட்டியைப் பிய்க்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "கேட்டு நீ மாட்டேன்னு சொல்லிட்டா..." என்று தொடங்கியவர் ரொட்டியை அப்படியே பொட்டலத்தில் வைத்துவிட்டார். ஜான்கி ஒரு கையில் கொடியைப் பிடித்தபடியே மறு கையால் அவர் தோளைத் தொட்டாள். இருவரும் அழுதார்கள்.

மரம் ஒரு வழியாக விழுந்தது. பாதைக்கு வெகு தூரம் மேலேயே கிடந்துவிட்டது. புழுதியும் சில காய்களும்தான் கீழே வந்தன. ரித்தேஷ் எரிச்சலோடு ஸ்டியரிங்கில் குத்தினான்.

"மரம் ரோட்டுக்கு வராம போச்சேன்னு வருத்தப்படுறியாடா?" என்றார் சிவன். விசில் கேட்டது. ஜான்கி கட்டையைத் தூக்கினாள்.

லம்பாசாவிலிருந்து நாண்டிக்குப் போகும் விமானம் போய்விட்டது. அடுத்ததில் இடம் கேட்டுக் கெஞ்சி ஏறி, நாண்டியின் பன்னாட்டு விமான நிலையத்தில் ஓடிப்போய்க் கனடா விமானத்தைப் பிடித்தார்கள். அண்ணிக்கு மட்டும் அந்த ஓட்டத்தில் ஒரு செருப்பு போய்விட்டதாம்.

அந்தச் சரிவு முழுவதும் வெட்டி முடியும்வரை ஜான்கி கொடி பிடித்தாள். அவள் நின்ற முனையில் யாருக்கும் அடிபடவில்லை. கனடாவுக்கு அவள் போகவில்லை. அண்ணன் பிறகு கேட்டும் மறுத்துவிட்டாள். அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் சிவன் போன் செய்கிறார். அங்கே வீட்டில் அண்ணிக்கு இந்திதான் வரும், பேரப்பிள்ளைகளுக்கும் தமிழ் தெரியாது. தமிழில் பேச அவருக்கு ஜான்கிதான் இருக்கிறாள். பேச்சு நீளமாகப் போகும். பாதி நேரம் அண்ணி செய்த சமையலைக் குறை சொல்வார். இவள் அண்ணி பக்கம் பேசுவாள்.