கை காட்டாதீர்கள், கை தட்டுங்கள்

என் சித்தி பஸ் ஓட்டுகிறாள். ரயில் நிலையத்திலிருந்து ஏரிக்கரை வரை போய்த் திரும்பும் பஸ். அந்த வழியில் உள்ள மேடு பள்ளம் எல்லாம் தன் வீட்டு மாடிப்படியைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஓய்வு நாளில் மற்ற ஓட்டுநர்கள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். சித்தி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். நாற்பதை நெருங்கும்போது பிடித்த பைத்தியம் அது. உட்கார்ந்தே இருந்து இடுப்பு பிடித்துக்கொண்டதால், "கொஞ்சம் சைக்கிள் மிதிச்சுப் பாருங்க" என்றார் டாக்டர். அதில் 'கொஞ்சம்' மட்டும் சித்தியின் காதில் விழவில்லை.

எங்கள் ஊர் சைக்கிள் சங்கத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. உலாப் பிரிவில் இருப்பவர்கள் கதை பேசிக்கொண்டே மிதிப்பார்கள்; காபிக் கடை கண்ணில் பட்டால் இறங்கிவிடுவார்கள். பந்தயப் பிரிவில் இருப்பவர்களுக்கு முதுகில் குத்திக்கொள்ள ஒரு நம்பர் தருவார்கள். போன வருடக் கடைசியில் நடந்த தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறி, சித்தி அந்த நம்பரை வாங்கினாள். ஆனால் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு பருவம் முழுவதிலும் ஒரு பந்தயத்தையாவது முடிக்காதவர் நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உலாப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

"போனா என்ன? அங்க காபியாவது கிடைக்கும்" என்று அம்மா ஒரு நாள் சொன்னாள்.

சித்தி கோபப்படவில்லை. "அக்கா, நாள் முழுக்க அடுத்தவங்க இறங்குற இடத்துக்குத்தான் நான் போறேன். இந்தப் பந்தயத்துல மட்டும்தான் நான் போய்ச் சேரவேண்டிய இடம்னு ஒண்ணு இருக்கு. அங்க ஒரு தடவையாவது போய்ச் சேர்ந்துட்டு வர்றேனே."

போய்ச் சேருவதற்குத் தடையாக இருந்தது ஒரு வெள்ளை வேன். பந்தயத்தில் எல்லோருக்கும் பின்னால் அது ஒரே சீரான வேகத்தில் வரும். அதன் முதுகில் நிஜத் துடைப்பம் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அது யாரை முந்துகிறதோ அவர் ஆட்டத்திலிருந்து அவுட். நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சைக்கிளோடு வேனில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். துடைப்பத்தில் சிக்கினவர் என்று அவரை ஒரு வாரத்துக்குக் கிண்டல் செய்வார்கள்.

அந்த வேனை ஓட்டுகிறவர் சித்தி வேலை செய்யும் டெப்போவிலேயே மூத்த ஓட்டுநர். பிரேக்கைவிட ஹாரனை அதிகம் நம்புகிறவர் என்பதால் அவருக்கு 'ஹாரன்' என்றே பெயர். சித்திக்கு ஓய்வு வந்தால் அவளுடைய பஸ்ஸை அவர்தான் எடுப்பார். அந்தப் பருவத்தில் நானும் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எல்லாப் பந்தயங்களுக்கும் போனேன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தால் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்ததுதான் காரணம்.

முதல் பந்தயம் மலைப்பாதையில் நடந்தது. பாதி மலை ஏறுவதற்குள் ஹாரன் சித்திக்குப் பக்கத்தில் வேனைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏறு தங்கச்சி. உள்ள சீட் காலியாத்தான் இருக்கு."

"அண்ணே, இன்னும் கொஞ்ச தூரம் விட்டுப் பாருங்களேன்."

"நான் விட்டாலும் மலை விடாது. ஏறு."

அடுத்த பந்தயத்தில் மழை. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது துடைப்பம் வந்துவிட்டது. அதற்கடுத்த பந்தயம் சமதரையில். மழையும் இல்லை, பஞ்சரும் இல்லை. ஆனால் அதில்தான் சித்தி தன் பெரிய தப்பைச் செய்தாள். கூட்டத்தின் கடைசியில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தவளைப் பார்த்து, சாலை ஓரத்தில் நின்ற ஒரு அம்மா உற்சாகமாகக் கையைத் தூக்கினாள். சித்தி பிரேக் பிடித்துவிட்டாள். அதோடு விடவில்லை, இடது பக்கம் ஒதுங்கிக் காலையும் ஊன்றிவிட்டாள். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் விழித்தாள். கூட்டம் போயே போய்விட்டது.

வேனில் ஏறியதும் ஹாரன் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அதிர்ந்தது. "டிக்கெட் கொடுத்தியா, இல்ல ஓசியிலயே ஏத்திக்கலாம்னு பார்த்தியா?"

"சிரிக்காதீங்க அண்ணே. கை தூக்கினா கால் தானா போகுது. நான் என்ன பண்றது?"

பஸ் ஓட்டுகிறவள் என்பதால் அவளிடம் இன்னொரு கோளாறும் இருந்தது. பந்தயத்தில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே போனால் காற்று முகத்தில் அடிக்காது, பாதி பலம் மிச்சமாகும். சித்தியால் அப்படி ஒட்டவே முடியவில்லை. முன்வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவில் இடம் விட்டுவிட்டுப் பழகியவள். ஊரில் அடிக்கிற காற்றையெல்லாம் அவளே வாங்கிக்கொண்டு மிதித்தாள். நாலாவது பந்தயமும் அப்படித்தான் போயிற்று. மீதியிருந்தது ஒன்றே ஒன்று.

இங்கே என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பல்செட் செய்கிறவர். பட்டறையில் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிறருடைய சிரிப்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருப்பார். சாதாரணமாக வாயே திறக்கமாட்டார். நாலாவது பந்தயம் முடிந்த அன்று சாப்பிடும்போது திடீரென்று, "நாளைக்கு என் பின்னாடி வா" என்றார்.

மறுநாள் பார்த்தால், அவருடைய பழைய சைக்கிளின் பின் மட்கார்டில் ஒரு பொய்ப் பல்லை ஒட்டியிருந்தார்.

"இது முன்பல்லா, கடவாய்ப்பல்லான்னு ஓட்டிக்கிட்டே சொல்லணும். தப்பாச் சொன்னா ராத்திரி பாத்திரம் நீதான் கழுவணும்."

"சரியாச் சொன்னா?"

"நான் கழுவுறேன்."

முதல் வாரம் முழுவதும் சித்திதான் பாத்திரம் கழுவினாள். தினம் ஒரு புதுப் பல்லை மாற்றி ஒட்டினார் சித்தப்பா. பல் தெரியவேண்டுமானால் நெருங்கியே ஆகவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி குறைந்தது. ஒரு நாள் காலையில், "கோரைப்பல். அதுவும் ஓரத்துல லேசா உடைஞ்சிருக்கு" என்று சித்தி பின்னாலிருந்து கத்தினாள். சித்தப்பா சட்டென்று சைக்கிளை நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்த்தார். உடைந்துதான் இருந்தது. "நானே கவனிக்கல" என்றார். அன்று இரவு அவர் பாத்திரத்தை உருட்டிய சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

கடைசிப் பந்தயம் எந்தப் பாதையில் என்று தெரிந்ததும் நான் துள்ளிக் குதித்தேன். ரயில் நிலையத்திலிருந்து ஏரிக்கரை. சித்தியின் பஸ் போகும் அதே வழி. சித்தியின் முகமோ சுண்டைக்காயாகச் சுருங்கிவிட்டது.

"என்ன சித்தி, உங்க ரோடுதானே?"

"அதான் பிரச்சனையே. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தெரிஞ்ச முகம். என்னைப் பார்த்தா சும்மா இருப்பாங்களா? கையத் தூக்குவாங்க. தூக்கினா நான் நின்னுடுவேன்."

சித்தப்பா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பந்தயத்துக்கு முந்தின நாள் ஒரு கட்டுக் காகிதத்தையும் பசை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய், வழியில் இருந்த எல்லா நிறுத்தங்களிலும் ஒட்டிவிட்டு வந்தார். 'நாளை பஸ் கிடையாது. உங்கள் ஓட்டுநர் சைக்கிளில் வருவார். தயவுசெய்து கை காட்டாதீர்கள், கை தட்டுங்கள்.'

மறுநாள் அந்தக் காட்சியை வேனிலிருந்து நான் என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கையைத் தூக்கிவிடுவோமோ என்ற பயத்தில் சிலர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தி வந்ததும் கைகளை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு படபடவென்று தட்டினார்கள். பூ விற்கிற அக்கா ஒரு கையில் கூடை இருந்ததால் மறு கையால் அதையே அடித்தாள். "வேகமாப் போங்க, இன்னைக்கு யாரும் இறங்கப் போறதில்ல!" என்று ஒருவர் கத்தினார்.

சித்தி சங்கத்தின் பேக்கரிக்கார அக்காவுடைய பின்சக்கரத்தில் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டு போனாள். நடுநடுவே அந்தச் சக்கரத்தில் பல் தேடுவது போலத் தலையைக் குனிந்து பார்த்தாள். பாதி தூரம் வரைக்கும் எங்களால் அவளை நெருங்கவே முடியவில்லை. ஹாரனுக்கு முகம் தொங்கிவிட்டது. "பேச்சுத் துணைக்கு இன்னைக்கு ஆள் கிடைக்காது போலிருக்கே" என்றார்.

ஆனால் எதிர்க்காற்று தொடங்கிய இடத்தில் பேக்கரிக்கார அக்கா வேகத்தைக் கூட்டிப் போய்விட்டாள். சித்தி தனியாகிவிட்டாள். தோள்கள் இரண்டும் ஆட ஆரம்பித்தன. வேன் மெல்ல மெல்ல அவளை நெருங்கியது. பாலத்தின் ஏற்றம் முன்னால் தெரிந்தது. அதைத் தாண்டி இறங்கினால் ஏரிக்கரை. பாலத்துக்கு முன்னால் ஒரே ஒரு நிறுத்தம் பாக்கி.

"அண்ணே, மெதுவாப் போங்களேன்" என்றேன் நான்.

"அது தப்பு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. துடைப்பத்துக்கு இரக்கம் கிடையாது" என்றார் ஹாரன். ஆனால் அவர் கை ஹாரனைத் தொடவே இல்லை.

அப்போதுதான் சந்திலிருந்து ஓடி வந்தார் ஓட்டக்காரர். வேறு பெயர் அவருக்கு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தினமும் பஸ் கிளம்புகிற நேரத்தில் பையும் கையுமாக மூச்சிரைக்க ஓடி வருவார். நிறுத்தாமல் போனால் ரோட்டிலேயே இறங்கிவிடுவார். அவருக்காக பிரேக் போடாத ஓட்டுநர் அந்த டெப்போவிலேயே கிடையாது. நிறுத்தத்தில் நின்று காகிதம் படிக்கிற நேரம் அவருக்கு வாழ்க்கையில் வாய்த்ததே இல்லை. சித்தியின் முகத்தைப் பார்த்தார். கையை வானத்துக்குத் தூக்கினார்.

"நில்லுங்க! நில்லுங்க!"

சித்தியின் விரல்கள் பிரேக்கின் மேல் போனதை நான் பார்த்தேன். விரல்கள் அங்கேயே ஒரு கணம் இருந்தன. பிறகு விலகின. சித்தி சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தாள். போகிற போக்கில் அவரைப் பார்த்து, ஓட்டுநராக இருந்த காலம் முழுவதும் தான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அடுத்த வண்டியில வாங்க சார்!"

அடுத்த வண்டி நாங்கள்தான். ஓட்டக்காரர் கையை இறக்கவே இல்லை. கிறீச்சென்று வேன் நின்றது. ஹாரனின் கால் பிரேக்கின் மேல் இருந்தது. அவரே அதை ஆச்சரியமாகக் குனிந்து பார்த்தார். அதற்குள் ஓட்டக்காரர் கதவைத் திறந்துகொண்டு ஏறி, சைக்கிள் வைக்கிற இடத்தில் உட்கார்ந்து, "மார்க்கெட் ஒண்ணு" என்றார்.

"போங்கண்ணே!" என்று நான் அலறினேன். ஆனால் விட்ட தூரத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டக்கூடாது என்பதும் விதிதான். அதே சீரான வேகத்தில் நாங்கள் பாலத்தில் ஏறியபோது, சித்தி உச்சியைத் தாண்டி மறைந்துகொண்டிருந்தாள்.

முடிவுக் கோட்டில் அவள் புல்லில் மல்லாந்து கிடந்தாள். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவராக இருந்த மருந்துக்கடைக்காரர், துடைப்ப வண்டியிலிருந்து தேய்த்த சட்டையும் காய்கறிப் பையுமாக ஒருவர் இறங்குவதைப் பார்த்துக் குழம்பிப்போனார்.

"நீங்க எந்தப் பிரிவு?"

"இது மார்க்கெட் இல்லையா?" என்றார் ஓட்டக்காரர்.

ஹாரன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மருந்துக்கடைக்காரர் மருந்துச் சீட்டைப் படிப்பவர் போல நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "வேன் முந்தினாத்தான் அவுட். முந்தலையே. கடைசி இடம். ஆனா முடிச்சாச்சு."

சித்தி எழுந்து நேராக ஹாரனிடம் போனாள். "உண்மையைச் சொல்லுங்க அண்ணே. எனக்காக வேணும்னுதானே நிறுத்தினீங்க?"

"நானா? நான் வேணும்னு பிரேக் போட்டதே கிடையாதுன்னு ஊருக்கே தெரியும். கை காட்டினாரு, கால் போயிடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு உன்னைப் பார்த்துச் சிரிச்சேன் பாரு, அதுக்குத்தான் இது."

மறுநாள் காலை சித்தி வழக்கம்போல பஸ் எடுத்தாள். நானும் போனேன். பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் ஓட்டக்காரர் ஓடி வந்தார், கையைத் தூக்கினார், சித்தி நிறுத்தினாள். ஏறியவர் டிக்கெட் எடுக்காமல் நேராக அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து நான் கை காட்டியும் நிக்காமப் போனீங்க. டெப்போவுல புகார் கொடுக்கலாம்னு இருக்கேன்."

சித்தி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தாராளமாக் கொடுங்க சார். ரொம்ப வேகமாப் போனாங்கன்னு மறக்காம எழுதுங்க."