மாப்பிள்ளையின் தாய் வான் வண்டிக்குள் இருந்தார்: நக்ஸோஸ் தீவின் மலைக்கிராமத்தில் ஒரு காலை

சென்ற ஜூன் கடைசியில் மொன்றியலில் இருந்து கிரேக்கத்தின் நக்ஸோஸ் தீவுக்குப் போனோம். என் அக்காவின் மகன் நிதனுக்குக் கடற்கரை ஹோட்டலில் கல்யாணம். அதற்கு முதல்நாள் அபிராந்தோஸ் என்ற மலைக்கிராமத்தில் குடும்பப் படம் எடுப்பதாக ஏற்பாடு. அருமையான ஊர். என் கோபமெல்லாம் நாங்கள் கூட்டிக்கொண்டு போன ஆட்களில்தான். அது இன்னும் ஆறவில்லை, அதனால் இந்தப் பதிவில் பயண விவரத்தோடு வசவும் இருக்கும்.

ஏதென்ஸ் வரை விமானம், அங்கிருந்து கப்பலில் ஐந்தரை மணித்தியாலம். துறைமுக நகரிலிருந்து கிராமம் இருபத்தாறு கிலோமீற்றர். வளைந்து வளைந்து ஏறும் பாதை, முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். வயிறு பிரட்டுகிறவர்கள் முன்சீற்றில் இருங்கள். பஸ் குறைவு என்பதால் அரைநாளுக்கு 180 யூரோ கொடுத்துச் சாரதியோடு ஒரு வான் வண்டி பிடித்தோம்.

ஊருக்குள் வாகனம் போகாது. குறுகலான ஒழுங்கைகள் முழுக்கப் பளிங்குக்கல், நன்றாக வழுக்கும். கல்வீடுகளின் வாசலில் தகரப் பேணிகளில் துளசி மாதிரி ஒரு செடி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் இறங்கினோம், அக்கா மட்டும் அசையவில்லை.

"நீங்கள் போங்கோ, எனக்குக் கால் நோகுது."

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் பனிக்குள் பஸ்ஸுக்கு ஓடி, இரண்டு வேலை செய்து, தனி ஆளாகப் பிள்ளையைப் படிப்பித்த கால் அது. அன்றைக்குத்தான் நொந்ததாம்! உண்மை எனக்குத் தெரியும். அத்தான் இறந்து பதினான்கு வருடம். முந்தினநாள் பின்னேரம் அத்தானின் தமையன் அக்காவிடம், "தங்கச்சி, நல்ல காரியம் பாரும். படம் எடுக்கேக்க நீர் கொஞ்சம் தள்ளி நில்லும், குறை நினைக்காதையும்" என்றார். நிதன் பக்கத்தில் இருந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

நான் அக்காவோடு நின்றுவிட்டேன். எதிரே ஒரு கோப்பிக்கடை. கறுப்பு உடுப்புப் போட்ட கடைக்காரப் பெண் இரண்டு கிளாஸ் தண்ணீரும், சீனிப்பாகில் ஊறிய எலுமிச்சைத் தோலும் கொண்டுவந்து தந்தார். வந்தவர்களுக்கு இப்படிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கமாம். சாரதி நாங்கள் யாரென்று அவரிடம் சொல்லி, அவர் கேட்டதை எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

"மாப்பிள்ளையின் தாய் ஏன் இங்கே இருக்கிறார்? மகனோடு சண்டையா?"

"இல்லை, கணவர் இறந்துவிட்டார்" என்றேன்.

அந்தப் பெண் தன் கறுப்புச் சட்டையை இழுத்துக் காட்டினார். "எனக்கும்தான். என் மகளின் கல்யாணத்தில் நான்தான் முதலில் ஆடினேன்!" சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய் நிதனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவன் வருவதைக் கண்டதும் அக்கா சேலை மடிப்பைச் சரிசெய்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அம்மா, வாங்கோவன், படத்துக்கு நிப்பம்."

"வேண்டாம் ராசா, நாளைக்கு நல்ல காரியம். நீ போய் எடு."

"சரி அம்மா" என்று திரும்பிவிட்டான். எனக்கு நெஞ்சு கொதித்தது. பின்னால் போய் மறித்தேன்.

"கையைப் பிடிச்சு இழுக்கத் தெரியாதோடா உனக்கு?"

"அம்மாதானே, சித்தி, வேண்டாமெண்டவ."

அப்பாடா என்றிருந்தது அவன் முகம். அவனுடைய பெரியப்பாவை விடுங்கள், அவர் மாறப்போவதில்லை. பெண்ணுரிமை பற்றி பிரெஞ்சில் மேடையேறிப் பேசுகிறவன் இவன்! திரும்பும் வழியில் வெட்கமில்லாமல் போனை நீட்டி, "எப்பிடி இருக்கு அம்மா?" என்றும் கேட்டான். அக்கா விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "வடிவாயிருக்கு ராசா" என்றார்.

போகிறவர்கள் வெயில் ஏற முதல் போங்கள். ரப்பர் அடி வைத்த சப்பாத்துப் போடுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டுவையுங்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள். அப்பா இல்லாத வீட்டில் அம்மா "நான் ஒரு பக்கமா இருக்கிறன்" என்றுதான் சொல்வார். முதல் தடவை வேண்டாம் என்பார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பி ஓடாதீர்கள், இரண்டாம் தடவையும் கூப்பிடுங்கள். அன்றைக்கு வான் கிளம்பும்வரை அக்கா கைப்பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை.