மேட்டாங்காட்டில் ஆற்றுப் பயிற்சி

சேலத்தில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கல்லூரி வாசகசாலையில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைப் புரட்டினேன். நடுப்பக்கத்தில் இரண்டு படங்கள். முதல் படத்தில், எங்கோ பசிபிக் தீவில், ஆட்கள் நீளமான பலகைகளில் குப்புறப் படுத்து, வெறுங்கைகளால் தண்ணீரைத் துழாவிக்கொண்டு கடலுக்குள் போகிறார்கள். அடுத்ததில் அதே பலகைகளின் மேல் எழுந்து நின்று அலையோடு அலையாகக் கரைக்கு வருகிறார்கள். மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. மனிதன் தண்ணீரின் மேல் நிற்கிறான்! யாரும் பிடித்துக்கொள்ளவும் இல்லை, துடுப்பும் இல்லை, இரண்டே கைகள்!

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே. கம்பும் சோளமும் மழையை நம்பி விளைகிற மேட்டாங்காடு. கடல் எப்படி இருக்கும் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதனாலென்ன? ஊர் ஆசாரியிடம் சொல்லி இலவ மரத்தில் ஒரு பலகை இழைத்து வாங்கினேன். தூக்கினால் முறம் மாதிரி கனமே இல்லை. கோடை விடுமுறையில் வேளாங்கண்ணிக்குப் போகும் சேலத்துக் கத்தோலிக்க நண்பன் ஒருவன், "நீயும் வா, பலகையையும் கொண்டு வா" என்று சொல்லியிருந்தான். போதாதா?

தீபாவளி லீவில் பலகையைப் பஸ் கூரையில் கட்டிக்கொண்டு பரமத்தி வேலூர் போய் இறங்கினேன். ஊருக்கு நாலைந்து மைல் மேற்கே ஆற்றோரம் மாமாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. மாமா மகனுக்கு என் வயது; பரிசல் தள்ளுவதில் கெட்டிக்காரன். அவன் பரிசலில் பின்னால் வர, நான் பலகையில் படுத்து அக்கரையைக் குறிவைத்துத் துழாவினேன். காவிரியின் கால்வாசி தாண்டுவதற்குள் தோள்கள் விறகாகிவிட்டன. தலையைத் தூக்கியே வைத்திருந்ததில் கழுத்து கடுத்தது. அதைவிட வினோதம், பலகை நேராகவே போகவில்லை. இடது பக்கமாக, நீர் ஓடும் திசைக்கே திரும்பித் திரும்பி நின்றது.

"என்ன மாப்ள, அக்கரைக்குப் போறேன்னு கெளம்பி இப்படியே திருச்சிக்குப் போற மாதிரி இருக்குதே! டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கத்தினான்.

கடைசியில் அவன்தான் என்னையும் பலகையையும் பரிசலில் இழுத்துப் போட்டான். இந்தச் சேதி எனக்கு முந்தியே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. அன்று பேசினார். "ஆத்தத் தாண்ட முடியாதவனக் கடலுக்கு அனுப்பச் சொல்றியா? தை மாசம் பூப்பறிக்கிற நோம்பி அன்னைக்கு ஆத்துக்கு நானே வாரேன். ஒருத்தரும் தொடாம அக்கரை ஏறு, கடலுக்குப் போ. இல்லீன்னா அந்தப் பலகை நம்ம தண்ணித் தொட்டிக்கு மூடி. என்ன சாமி, செரிதானே?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல? ஆனால் ஆறில்லாத ஊரில் ஆற்றுக்கு எப்படிப் பழகுவது?

தரையிலேயே பழகுவது என்று முடிவு செய்தேன். சேலத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கர்லாக்கட்டை சுழற்றிப் பார்த்தேன். தோள் நன்றாகத்தான் சூடேறியது. ஆனால் கட்டை போகிற போக்கில் கையும் போனது. தண்ணீர் எதிர்த்து நிற்பது போல எதுவும் எதிர்த்து நிற்கவில்லை. கடைத்தெருவில் மார்பை விரிக்கும் ஸ்பிரிங் கருவி விற்றார்கள். கடைக்காரர் அனுமதித்தார் என்று சட்டையைக் கழற்றிவிட்டு இழுத்தேன். ஸ்பிரிங் மார்பு முடியைக் கவ்விக்கொண்டது. வாங்காமலே வந்துவிட்டேன். வீட்டுக் கிணற்றில் சகடையில் கயிறு போட்டு அம்மாவுக்குக் குடம் குடமாக இறைத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கு ஏக சந்தோஷம். ஆனால் அது நின்றுகொண்டு மேலிருந்து கீழே இழுப்பது. எனக்கு வேண்டியது படுத்துக்கொண்டு முன்னாலிருந்து இடுப்புவரை இழுப்பது.

விடை நாமக்கல்லில், லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. கிழிந்த ட்யூப்! ஒரு துண்டைப் பிடித்து இழுத்தேன். முதலில் சுலபமாக வந்தது. போகப் போக இறுகியது. விட்டால் கையைப் பறித்துக்கொண்டு திரும்பியது. அசந்து நின்றேன். எத்தனையோ டன் சுமையைக் காற்றால் தாங்கிய ரப்பர், இப்போது தண்ணீராக நடிக்கிறது!

"எதுக்குங்க இது?" என்றார் கடைக்காரர்.

"கை பலத்துக்குங்க."

"லாரி போயும் பலம் போகலீங்க அதுக்கு. பாத்து இழுங்க, பல்லு போயிரும்."

நீளவாக்கில் இரண்டு பட்டைகள் வெட்டிக் கொடுத்தார். சனி ஞாயிறு ஊருக்கு வரும்போதெல்லாம் பட்டைகளை மாட்டுக் கொட்டகைத் தூணில் கட்டினேன். எதிரே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் குப்புறப் படுத்து, தலையைத் தூக்கியபடி மாறி மாறி இழுத்தேன். எருமை அசை போடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. பக்கத்துக் காட்டுக்காரர் அம்மாவிடம், "ஏனுங்க, பையனுக்கு ஒடம்பு ஏதாச்சும்..." என்று இழுத்தார்.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. கட்டில்ல காவேரி போயிட்டு இருக்குதாம்" என்றாள் அம்மா.

முதல் நாளே ஓர் அதிசயம் தெரிந்தது. வலது கை பட்டையை இடுப்புவரை கொண்டுவந்தது. இடது கை விலா எலும்போடு நின்றுவிட்டது. பட்டைகளை மாற்றிக் கட்டினேன், அப்போதும் அப்படியே. எனக்கு இடது கை அவ்வளவு சோப்ளாங்கியா?

யோசித்தபோது சிரிப்பு வந்தது. நாங்கள் எல்லோரும் கிணற்றில் நீந்தக் கற்றவர்கள். படிக்கட்டிலிருந்து குதித்து, இடது கைப் பக்கமாகவே வளைந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி படிக்கு வரவேண்டும். ஒருவர் மேல் ஒருவர் மோதாமலிருக்க அதுதான் எங்கள் கிணற்றின் சாலை விதி. இடது பக்கம் திரும்ப வலது கைதான் ஓங்கிப் போடும். சிறு வயது முதல் வலது கை உழைத்தது, இடது கை சும்மா கூட வந்தது. எங்கள் கிணறு தன் வட்டத்தை என் தோளுக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறது! அந்த வட்டத்தைத்தான் நான் காவிரியிலும் போட்டேன்.

அன்று முதல் இடது கைக்கு இரட்டை வேலை. கிணற்றிலும் வேண்டுமென்றே எதிர்த்திசையில் சுற்றினேன். "அய்யோ, எதுத்தாப்பல வாராரு பாரு காலேஜு! ஆராச்சும் அடிங்கப்பா!" என்று மற்றவர்கள் அலறினார்கள். மார்கழி முடிவதற்குள் இரண்டு பட்டைகளும் இடுப்பைத் தொட்டன.

நோம்பித் திருநாளன்று ஆற்றோரமெல்லாம் பூவும் கும்மியும் கூட்டமும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். "போ" என்று மட்டும் சொன்னார். மாமா மகன் பரிசலைப் பின்னால் தள்ளி நின்றுகொண்டான்.

பலகை நேராகப் போனது. அதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நடு ஆற்றில் கும்மிச் சத்தம் அடங்கிவிட்டது. அடியில் தண்ணீர் ஒரு பெரிய விலங்கின் முதுகு போல அசைந்தது. என் கைகள் என்னைக் கேட்காமலே போய்ப் போய் வந்தன. இவ்வளவு பெரிய ஆறு, அதன் மேல் இவ்வளவு சிறிய நான், ஆனாலும் அது எனக்கு வழி விடுகிறது! நீர் இழுத்ததில் துறைக்கு வெகு கிழக்கே போனேன். ஆனால் போய்ச் சேர்ந்தேன். நெஞ்சுக்கடியில் மணல் உரசியது.

எழுந்து அப்பாவுக்குக் கையசைக்கத் திரும்பினேன். கரையில் அவரைக் காணவில்லை. பின்னால் வந்த பரிசலுக்குள், இரண்டு கைகளாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு, முகமெல்லாம் வெளிறி உட்கார்ந்திருந்தார்.

"நீ கெளம்புன ஒடனே மாமா தாவி ஏறிட்டாரு மாப்ள," என்றான் மாமா மகன். "தொடக் கூடாது, தொடக் கூடாதுன்னு என்னையே அதட்டிக்கிட்டு வந்தாரு."

அப்பா இறங்கி மணலில் கால் ஊன்றினார். தாண்டி வந்த ஆற்றையே வெகுநேரம் பார்த்தார்.

"கடல் இதவிடப் பெருசா இருக்குமா?"

"அக்கரையே தெரியாதாமுங்கப்பா."

"அக்கரையே தெரியாதா?" அவர் குரல் தணிந்துவிட்டது. "அப்ப நானும் வாரேன். அதப் பாக்கோணும்."

பிறகு பரிசலை ஒருமுறை பார்த்துவிட்டு மாமா மகனிடம் திரும்பினார். "ஏப்பா, இங்கிருந்து பாலம் எவ்வளவு தூரம்?"

"நடந்தா பொழுது உளுந்துருமுங்க மாமா."

"பரவால்ல," என்றார் அப்பா, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. "நடக்கலாம்."