பொக்ஸில் காது வைப்பவன்

பாட்டை ஓடவிட்டதும் துஷ்யந்தன் பொக்ஸின் முன்னால் குனிந்து, இடது காதை அதன் வாயோடு ஒட்டி வைத்துக்கொள்வான். கண்ணை மூடுவான். ஆள் உயர ஸ்பீக்கர் பொக்ஸ் அது. பக்கத்தில் நின்றாலே சட்டைப் பொத்தான் அதிரும். மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருப்பவர்கள் வேலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்ப்பார்கள். இவனோ தலையணையில் சாய்ந்தவன் மாதிரி சுகமாக நின்றுகொண்டு, மிக்சர் மேசையில் இருக்கும் கூட்டாளி பாறூக்குக்கு, இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்று இடது கையால் சைகை காட்டுவான். சரியாக வந்ததும் வலது கை ஆள்காட்டி விரல் உயரும். அந்த விரல் உயராமல் இவர்கள் சவுண்ட் செட் போட்ட எந்த விழாவும் மாத்தளையில் தொடங்கியதில்லை.

அப்பா காளிமுத்துவிடமிருந்து வந்த பழக்கம் இது. கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவர் அவர். மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு, அதன் வாய்க்குள்ளேயே தலையை விட்டுச் சரிபார்ப்பார். "மெஷினு பொய் சொல்லும், காது பொய் சொல்லாதுடா" என்பார். இப்போது வீட்டோடு இருக்கிறார். அவர் டீவியில் செய்தி பார்க்கிறார் என்பது சந்தி வரைக்கும் தெரியும். மூத்தவள் சிவநந்தினி ஓடிவந்து, "அப்பா, என்னா சத்தம் இது?" என்று கத்தினால், "எங்க சத்தம்?" என்று வாசலை எட்டிப் பார்ப்பார்.

சிவநந்தினிக்குத் தம்பியின் பாட்டு ரசனைதான் தீராத தலைவலி. சின்ன வயதில் அவன் அப்படி இல்லை. அப்பாவிடம் ஓர் அம்மன் பாட்டு இருந்தது. நடுவில் புல்லாங்குழல் தனியாக எழுந்து, சுற்றிச் சுற்றி வந்து அடங்கும். அந்த இடம் வருவதற்காக அவன் குழாய் கட்டிய மரத்தடியிலேயே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருப்பான். குழல் வந்ததும் வாயில் வைத்த சோறு அப்படியே நிற்கும். "இந்தப் புள்ள சாமிப் புள்ள" என்று பக்கத்து வீட்டுப் பாலாமணி கன்னத்தைக் கிள்ளுவாள்.

அந்தச் சாமிப் பிள்ளை பத்து வயது தாண்டியதும் குழலை விட்டுவிட்டுப் பெண் குரல் பாட்டுகளுக்குப் போனான். மீசை அரும்பியபோது பெண் குரல்களும் பிடிக்காமல் போயின. கட்டைக் குரலில் ஆண்கள் பாடும் குத்துப்பாட்டுகள் வந்தன. பிறகு சிங்கள டிஜே நொன்ஸ்டொப். அதுவும் சப்பென்று போய், இப்போது பேஸ் மட்டுமே. வார்த்தை கிடையாது, ராகம் கிடையாது. தும், தும், தும். வீட்டுப் பீங்கான் கோப்பைகள் அலமாரியில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வரும்.

"ஒனக்கு என்னாடா ஆச்சு? ரசனையே கெட்டுப் போச்சே."

"பாட்டுன்னா நெஞ்சுல இடிக்கணும்க்கா. நீ கேக்கிறதுல என்னா இருக்கு? ஓட்ட வாளியில தண்ணி ஊத்துன மாதிரி ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது."

வயசு வந்தால் எல்லாரும் மாறுகிறார்கள், இவனும் மாறுகிறான் என்று ஊர் விட்டுவிட்டது. அவளும் விட்டிருப்பாள், தன் கல்யாணம் நிச்சயமாகாமல் இருந்திருந்தால். வரவேற்பு மண்டபத்துக்குள் நுழையும்போது அந்தக் குழல் பாட்டுத்தான் ஒலிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. "என் மானம் போயிரும்க்கா" என்று அவன் பிடிவாதமாக மறுத்தான். அவள் கெஞ்சினால், "என்னா முணுமுணுக்கிற? வாயத் தொறந்து பேசு" என்று எரிந்து விழுந்தான்.

அப்போதுதான் யட்டவத்தையில் அவளுடைய தோழி வித்தியாவின் வரவேற்பு வந்தது. செட் இவர்களுடையது. வாழ்த்திப் பேச வந்த பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பொக்ஸின் முன்னால் போய் நின்றுவிட்டார். கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது. காதுக்குள் ஊசி ஏற்றியது போல இருந்தது. மண்டபமே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது. குழந்தைகள் வீறிட்டன. மாப்பிள்ளை மாலையோடு குனிந்துவிட்டான்.

பொக்ஸின் பக்கத்திலேயே துஷ்யந்தன் ரோல்ஸ் தின்றுகொண்டு நின்றான். எல்லாரும் காதைப் பொத்துவதைப் பார்த்தான். அண்ணாந்து கூரையைப் பார்த்தான். காலடியைப் பார்த்தான்.

"என்னா, பாம்பா?" என்றான்.

பாறூக் பாய்ந்து வந்து மைக்கை நிறுத்தினான். "அல்லாஹ்வே! மச்சான், பக்கத்துலேயே நிக்கிற, காதுல விழல்லையா?"

"என்னாது?"

பாறூக் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். சிவநந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை.

வேன் அக்காவையும் தம்பியையும் வீட்டுச் சந்தியில் இறக்கிவிட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒழுங்கையின் ஒரு பக்கம் முழுக்கக் கொக்கோத் தோட்டம். மழை விட்ட நேரம். சில்வண்டுகள் அலறிக்கொண்டிருந்தன. குரலை உயர்த்தினால்தான் பேச்சுக் கேட்கும் அளவு இரைச்சல்.

துஷ்யந்தன் தோட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "ஞாபகம் இருக்காக்கா? முன்னால எல்லாம் இந்த நேரத்துக்குச் சில்வண்டு காதக் கிழிக்கும். மருந்து அடிச்சு அடிச்சே எல்லாத்தையும் கொன்னுட்டானுங்க."

அவள் நின்றுவிட்டாள். இதை அவன் முன்பும் சொல்லியிருக்கிறான். அப்பாவும் சொல்லியிருக்கிறார். எதையோ சொல்கிறார்கள் என்று இத்தனை காலமும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டாள். போனை எடுத்து அந்த அம்மன் பாட்டைப் போட்டு, அவன் காதருகே பிடித்தாள்.

"கொழலு வந்ததும் சொல்லு."

உறுமி மேளம் போனது. குழல் எழுந்தது, சுற்றியது, அடங்கியது. அவன் தலையை ஆட்டியபடி பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் வரலியே" என்றான்.

பாட்டு முடிந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அவன் முகம் வெளிறியது.

கண்டியில் அவள் அவனைக் கூட்டிப்போன காது டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே உயர்ந்த சுருதிச் சத்தங்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போயிருக்கின்றன, போனது திரும்பாது, இனியும் பொக்ஸில் காதை வைத்தால் மிச்சமும் போய்விடும் என்றார். சிவநந்தினிக்கு அப்போதுதான் புரிந்தது: இவன் எதையும் வெறுத்து ஒதுக்கவில்லை. ஒவ்வொரு பாட்டாக இவனை விட்டுப் போக, மிஞ்சியதன் பின்னால் ஓடியிருக்கிறான். அதைத்தான் ஊர் ரசனை என்றது.

பஸ் பாதி வழி வந்துவிட்டது. அவன் கேட்டான்: "அப்ப, நான் நல்லால்லன்னு சொன்னதெல்லாம் எனக்குக் கேக்காததுதானாக்கா?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கும் சொல்லிறாத. காது இல்லாத செட்டுக்காரன எவன் கூப்புடுவான்?"

அப்பாவிடம் சொன்னபோது, "எனக்கும்தான் வண்டு கத்துறது கேக்கிறதில்ல. நான் தொழிலு செய்யலியா?" என்றார் டீவியைக் குறைக்காமலே. அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அழவும் வந்தது.

பாறூக்கிடம் மட்டும் அவள் உண்மையைச் சொல்லிவைத்தாள். அடுத்த விழா நடக்கும் இடத்திலிருந்து அவன் அவளுக்குப் போன் எடுத்தான். "அக்கா, இன்னும் காத வெச்சுக்கிட்டுத்தான் நிக்கிறான். நான் பாத்துக்கிறேன்னு சொன்னா கேக்கிறான் இல்ல. காத எடுத்தா தொழிலு போச்சாம்." அதற்கடுத்த விழாவிலும் அதே கதைதான். சொல்லிச் சொல்லி இருவருக்கும் வாய் வலித்தது. மிச்சமிருப்பதையும் அவன் அந்தப் பொக்ஸுக்கே கொடுத்துவிடப் போகிறான் என்று அவள் பயந்துபோனாள்.

அவளுடைய வரவேற்பு மாத்தளை டவுனில் நடந்தது. மாப்பிள்ளையோடு மண்டப வாசலில் நின்றாள். என்ன பாட்டு என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. தும் தும் என்று ஏதோ வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவளுக்கு உறுமிச் சத்தம் கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது. அம்மன் பாட்டு!

தூரத்தில் துஷ்யந்தன் வழமைபோலப் பொக்ஸின் முன்னால் குனிந்தான். காது அதன் வாயை நெருங்கியது. மிக்சரில் பாறூக் கையை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றான். ஒரு முழம் இருக்கும்போது துஷ்யந்தன் நின்றான். மெல்ல நிமிர்ந்தான். பொக்ஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மண்டபம் முழுவதையும் தாண்டி, வாசலில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்தான். கண்ணை எடுக்காமல் பார்த்தான்.

உறுமி அடங்கியது. குழல் எழுந்தது. சிவநந்தினியின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன, உதடு துடித்தது. மறுபடி அவள் கண்ணைத் திறந்தபோது, அவனுடைய ஆள்காட்டி விரல் மெல்ல மேலே உயர்ந்துகொண்டிருந்தது.