ஷட்டர் வைத்த டிவி

சிதம்பரம் நகராட்சியில் நான் பரப்புரையாளர். பெயர்தான் பெரிது. காலை ஆறு மணிக்குக் குப்பை வண்டிக்கு முன்னால் வீடு வீடாகப் போய், ஈரக் குப்பையைத் தனியாகக் கொடுங்கள், காய்ந்ததைத் தனியாகக் கொடுங்கள் என்று சொல்வதுதான் வேலை. வருடக் கணக்கில் சொல்கிறேன். கேட்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு இரண்டையும் ஒரே வாளியில் கொட்டுவார்கள். யாரும் என்னிடம் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

பழைய டிவி, கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் வாங்கிக்கொள்ளும் முகாம் என்று ஒரு நோட்டீஸைக் கொண்டுபோன வாரத்தில்தான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

"சும்மா வாங்கிட்டுப் போறாங்களா? எதுக்கு?"

எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததைச் சொன்னேன். புது டிவி விற்கிற கம்பெனி, பழைய டிவிகளைத் திரும்பச் சேர்த்து ஒழுங்காக உடைத்துப் பிரிக்கவும் பொறுப்பு என்று சட்டம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் தாங்களே ஊர் ஊராக வர முடியாது. ஒரு ஏஜென்சிக்குப் பணம் கொடுத்து அந்த வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். அந்த ஏஜென்சியின் வண்டிதான் வரப்போகிறது. இதைச் சொல்லி முடிக்கும்போது என் குரலே எனக்குப் பொய் சொல்வதுபோல் கேட்டது. காசு செலவழித்துக் குப்பையைச் சேர்க்கும் கம்பெனியை நானும் அதுவரை பார்த்ததில்லை.

நோட்டீஸின் அடியில் எங்கள் அலுவலகம் இன்னொரு வரியும் சேர்த்திருந்தது. எரிந்துபோன டியூப் லைட், பேட்டரி, காலாவதி மாத்திரை, பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து பாட்டில், எல்லாம் கொண்டுவரலாம் என்று.

வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பவர். என்னைப் பார்த்தால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் வீட்டுக் கூடத்தில், இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மர ஷட்டர் வைத்த பழைய டிவி ஒன்று இருந்தது. மேலே சாமி படங்கள். அது ஓடி ரொம்ப காலம் ஆகிவிட்டது.

"இதைக் குடுத்துடுங்க மாமா. இடமாவது மிச்சம்."

அவர் ஷட்டரைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரிஞ்சு கேக்கறியா, தெரியாம கேக்கறியா? இதுக்குள்ள சிவப்புப் பாதரசம் இருக்குதாம். புவனகிரியில ஒருத்தரு வீட்டுக்கு ஆள் வந்து லட்சக்கணக்குல குடுத்து வாங்கிட்டுப் போயிருக்காங்க. இந்த மாதிரி ஷட்டர் வெச்ச டிவிதானாம். நீ என்னான்னா சும்மா குடுங்கற."

அந்த வதந்தி எனக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அந்தப் பாதரசத்தின் பிம்பம் கண்ணாடியில் தெரியாதாம், பூண்டைக் கிட்டே கொண்டுபோனால் விலகி ஓடுமாம், தங்கத்தைக் கொண்டுபோனால் ஒட்ட வருமாம். சிரித்தேன். ஆனால் சந்தை விட்டு வெளியே வரும்போது, அவ்வளவு தூரத்திலிருந்து லாரி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் வேறு எதற்கு வருகிறார்கள் என்று எனக்குள்ளும் ஒரு கேள்வி ஓடியதை மறைக்க முடியாது.

நாலைந்து நாள் கழித்து அவரே கூப்பிட்டு, எடுத்துக்கொண்டு போ என்றார். "ஆனா ஒண்ணு. எங்க போவுது, என்னா ஆவுதுன்னு எனக்குத் தெரியணும்." தெரியவைப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

முகாம் நாளில் பள்ளி மைதானத்தில் கூட்டம் நன்றாகவே வந்தது. ஏஜென்சி அதிகாரி, முப்பது வயது இருக்கும், கடலூர்க்காரர், ஒவ்வொரு டிவிக்கும் எடை போட்டு நம்பர் ஒட்டி ரசீது கொடுத்தார். எனக்கு நம்பிக்கை வரத் தொடங்கியது. அப்போதுதான் ஒரு அம்மா கட்டுக் கட்டாக டியூப் லைட் கொண்டுவந்தார். அதிகாரி கையை ஆட்டினார்.

"இது எங்க லிஸ்ட்ல இல்லம்மா. டிவி கம்பெனி டிவிக்குத்தான் காசு குடுக்கறாங்க. பெயிண்டு, மருந்து, பூச்சிமருந்துக்கு யாரும் காசு குடுக்கல."

"நோட்டீஸ்ல போட்டிருக்கே சார்?"

"நாங்க போடல. உங்க ஆபீஸ் போட்டது."

கொண்டுவந்தவர்களிடம் முகத்துக்கு எதிரே திருப்பிக் கொடுக்க முடியுமா? எல்லாவற்றையும் எங்கள் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஒரு மூலையில் அடுக்கினோம். லாரி நிறைந்துவிட்டதால் கடைசியாக வந்த பத்துப் பன்னிரண்டு டிவிகளும், அதில் மாமாவின் டிவியும், இரண்டு நாள் அங்கேயே இருந்தன. கொட்டகைச் சாவி ஒரு அக்காவிடம் இருக்கும். தூய்மைப் பணியாளர்களில் மூத்தவர். அதிகம் பேச மாட்டார். கண்ணாடி குத்திய தழும்புகள் இரண்டு கையிலும் இருக்கும்.

லாரி மறுபடி வந்து ஏற்றிப் போன அடுத்த நாள் அதிகாரி போன் செய்தார்.

"உங்க லோடுல ஒரு டிவியில பிக்சர் டியூப் கழுத்து உடைஞ்சிருக்கு. உள்ள இருந்த செம்புச் சுருளைக் காணோம். நான் மேல சொல்லணும்."

ரசீது நம்பரைச் சொன்னார். மாமாவின் டிவி.

எனக்கு யோசிக்க நேரமே ஆகவில்லை. இரண்டு நாள் கொட்டகையில் இருந்தது. சாவி அக்காவிடம். செம்புக்குக் காயலான் கடையில் உடனே காசு. அவ்வளவுதான், முடிவே செய்துவிட்டேன். மறுநாள் காலை வருகைப் பதிவு எடுக்கும் இடத்தில், மேற்பார்வையாளரும் மற்ற பணியாளர்களும் நிற்க, கேட்டேன்.

"அக்கா, அந்த ஷட்டர் டிவியை யாரு தொறந்தது?"

"எனக்கு எப்புடித் தெரியும்?"

"சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?"

மற்றவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து என் காலடியில் போட்டார். "இந்தா, நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேற்பார்வையாளர் சாவியைக் குனிந்து எடுத்தார். "பாத்துக்கலாம் விடுங்க" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அக்காவைக் கொட்டகையிலிருந்து மாற்றி, பஸ் நிலையப் பக்கம் சாக்கடை வேலைக்குப் போட்டார்கள். அது நியாயம் என்றே அப்போது நினைத்தேன்.

மாமா தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னா ஆச்சு என் டிவி?" கடைசியில் அவரையே அழைத்துக்கொண்டு போய்க் காட்டிவிடலாம் என்று கிளம்பினேன். சுருள் காணாமல் போனதை அவரிடம் சொல்லவில்லை. என் பொறுப்பில் இருந்தபோது திருடு போயிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

ஏஜென்சியின் குடோன் கடலூர் முதுநகருக்கு முன்னால், குடிகாட்டைத் தாண்டியதும் மெயின் ரோட்டிலேயே இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியபோது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலேயே கண்ணாடியை இழுத்து மூடினார்கள். ரசாயனத் தொழிற்பேட்டை நாற்றம் வரப்போகிறது என்று கைக்கே தெரியும் போலிருக்கிறது. மாமா மூடவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "இங்க கொண்டாந்துதான் கொட்டுவாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். குடோனுக்குப் பின்னால் ஏதாவது குழி இருக்கும், எரித்த கரி இருக்கும் என்று. அப்படி எதுவும் இல்லை. சிமெண்டுத் தரை. டிவிகள் பலகை மேல் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தன. நான் பின்பக்கம் வரை போய்ப் பார்த்தேன். அதிகாரி கவனித்துவிட்டார்.

"என்னா மேடம், தேடறீங்க?"

"சும்மா பாத்தேன் சார்."

மாமாவின் டிவி தனியாக ஒரு ஓரத்தில் இருந்தது. அதிகாரி பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். ரசீது எழுதும்போது உள்ளே பார்க்காதது தன் தப்பு என்றும் சொன்னார்.

"ஒரு விஷயம் எனக்குப் புரியல மேடம். கம்பி திருடறவன் சுத்தியால ஒரே போடு போடுவான். இதைப் பாருங்க. ஸ்க்ரூ ஒவ்வொண்ணா கழட்டி, வேலைய முடிச்சிட்டு, திருப்பி முடுக்கியிருக்கான். உள்ள தூசியைக்கூட தொடச்சிருக்கு. திருடன் எவனாச்சும் தொடப்பானா?"

நான் மாமாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். சுருள் காணாமல் போனதைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அத்தனை நாள் அத்தனை கேள்வி கேட்டவர்.

திரும்பும் பஸ்ஸுக்காக ரோட்டோரக் கடையில் டீ வாங்கினோம். அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாந்தாம்மா தொறந்தேன்."

"மாமா?"

"குடுக்கறதுக்கு முந்தின நாளு. உள்ள இருக்குதான்னு பாத்துடலாம்னு. அந்தச் சுருளைக் கழட்டுனாத்தான் டியூப்பு வந்துச்சு. கழுத்துல லேசா தட்டுனேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம். பயந்துட்டேன். பூண்டு வெச்சுப் பாத்தேன். அவ மோதிரத்தை வெச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. உடைஞ்ச கண்ணாடியும் கொஞ்சம் வெள்ளைப் பொடியுந்தான் இருந்துச்சு. அதைத் தண்ணி ஊத்திச் சாக்கடையில தள்ளிட்டேன்."

"சுருள்?"

"பீரோல இருக்கு. பாதரசம் கேட்டு யாராச்சும் வந்தா காட்டலாமேன்னு எடுத்து வெச்சேன்."

அந்தப் பொடியையும் கண்ணாடியையும் சாக்கடையில் தள்ளக் கூடாது என்பதுதான் நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அப்போது அது என் நினைவுக்கு வரவில்லை. கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாமல் கோபம். கொட்டகைச் சாவி வைத்திருந்த அக்காவைச் சந்தேகப்பட எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. பாதரசத்தைப் பற்றி என்னிடமே சொன்ன மனிதரை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தார், மாமா என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான் காரணம்.

"இதுக்காக ஒருத்தவங்க சாக்கடை வேலைக்குப் போயிருக்காங்க" என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாதேம்மா" என்றார். நான் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அக்காவைத் தேடிப் போனேன். வாருகோலோடு வாய்க்கால் ஓரம் நின்றிருந்தார். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். நிமிராமலே சொன்னார்:

"அங்க வெச்சுக் கேட்டல்ல. அங்கயே வந்து சொல்லு."

வருகைப் பதிவு நேரத்தில், அதே கூட்டத்தின் முன்னால் சொன்னேன். டிவியைத் திறந்தது அதன் சொந்தக்காரர், அக்கா இல்லை, விசாரிக்காமல் பேசியது நான் என்று. சொல்லும்போது என் காலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். மேற்பார்வையாளர், "சரி, அக்காவுக்குச் சாவியைக் குடுத்துடலாம்" என்று எடுத்து நீட்டினார். அக்கா உடனே வாங்கவில்லை.

"அந்த மூலையில கெடக்குதே டியூப் லைட்டு, மருந்து, டப்பா. அது எங்க போவப்போவுது? நாளைக்கு அதுல ரெண்டு கொறைஞ்சா யாரைக் கேப்பீங்க?"

எல்லாவற்றையும் பட்டியல் எழுதி மேற்பார்வையாளரைக் கையெழுத்துப் போட வைத்த பிறகுதான் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். மாமா சுருளை ஒரு மஞ்சள் பையில் போட்டு அக்காவிடம் நேரில் கொடுத்தார். அக்கா அதற்கும் ரசீது வேண்டும் என்று என்னிடம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

டியூப் லைட்டுகள் நாலு மாதம் அங்கேயே கிடந்தன. மழையில் கூரை ஒழுகியபோது அக்கா பழைய பேனர் துணியைப் போட்டு மூடினார். ஒருநாள் மூடிய லாரி ஒன்று வந்தது. அபாயக் கழிவைப் பத்திரமாகப் புதைக்கிற இடத்துக்குப் போகிறது, சென்னைக்கு அந்தப் பக்கம் என்றார்கள். போய்ச் சேர்ந்ததும் படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். ஒரு கொட்டகை, சில மூட்டைகள். எந்த ஊர்க் கொட்டகை என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கள் மூட்டைகள்தானா என்றும் தெரியவில்லை.

அன்று லாரி கிளம்பும் முன் அக்கா டிரைவரை நிறுத்தி, தன் செல்போனில் முன்னாலும் பின்னாலும் நின்று நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தை என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.